ங்குனிக் கன்றுகள் ஏன் எடை ஏறவில்லை?

பீட்டர்மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் கன்றுகளின் படமும் கிடைத்தன. இங்கே எல்லோரும் சுகம். மூத்தவள் டர்பனில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். குளிர் வந்தால் என் முழங்கால்தான் மக்கர் பண்ணுகிறது.

சரி, கன்றுகளுக்கு வருகிறேன். பக்கத்துப் பண்ணையில் சிமென்டல் என்கிற பெரிய ஐரோப்பிய இன மாடு தின்கிற அதே மக்காச்சோளத் தீவனம்தான், இந்த மண்ணின் மாட்டினமான உன் ங்குனிக்கும். அங்கே எடை ஏறுகிறது, இங்கே செலவு மட்டும் ஏறுகிறது என்கிறாய். படத்தைப் பார்த்தால் நோய் மாதிரித் தெரியவில்லை. சதை போடும் பருவம் தாண்டி, கொழுப்பு போட ஆரம்பித்துவிட்டன.

மாட்டுக்கு முதலில் எலும்பு வளரும், பிறகு சதை, கடைசியில் கொழுப்பு. பிறந்த கன்று காலும் தலையுமாகத்தானே நிற்கிறது? இடுப்புச் சதை திரள்வது ரொம்பப் பின்னால். தசை நார்கள் எத்தனை என்பது தாய் வயிற்றிலேயே ஏறக்குறைய முடிவாகிவிடும். பிறகு நாம் போடும் தீனி இருக்கிற நார்களைப் பருக்க வைக்கும், அவ்வளவுதான். சினைப் பசுவைக் காயப்போடாதே என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

சதையில் முக்கால் பங்கு தண்ணீர். கொழுப்பில் தண்ணீர் கொஞ்சம், அடைந்திருக்கும் சக்தி ஏராளம். அதனால் ஒரு கிலோ கொழுப்பு ஏற, ஒரு கிலோ சதைக்கு ஆவதைவிட நிறையத் தீனி வேண்டும். உன் காசு போகிற இடம் அதுதான். ங்குனி சின்னக் கட்டு, சீக்கிரம் முதிர்ந்துவிடும். அதே எடையில் சிமென்டல் இன்னும் சதை போட்டுக்கொண்டிருக்கும். கிடேரிகளைத் தனியாகப் பிரித்துவிடு. முதலில் கொழுப்பது அவைதான், அப்புறம் காயடித்தவை, கடைசியில் காளைகள்.

வெட்டிய பிறகு நம் நாட்டில் பல்லைப் பார்த்து வகுப்பு போடுகிறார்கள். நிரந்தரப் பல் முளைக்காதது ஏ, இரண்டு பல் வரை ஏபி, ஆறு வரை பி, அதற்கு மேல் சி. கொழுப்புக்கு 0 முதல் 6 வரை எண். வியாபாரிகள் விரும்புவது ஏ வகுப்பில் 2 அல்லது 3, அதாவது தோலடிக் கொழுப்பு 1 முதல் 5 மில்லிமீட்டருக்குள். அதற்கு மேல் போனால் சீவி எறிய வேண்டியதுதான், விலையும் இறங்கும். மாட்டிறைச்சியை வாயில் வைக்காத நான் இதையெல்லாம் பேசுவதைக் கேட்டால் என் மாமியார் ‘முருகா’ என்று எழுந்து போய்விடுகிறார்.

வால் அடியிலும் கடைசி விலா எலும்பிலும் கை வைத்து அழுத்திப் பார். மெத்தென்று இருப்பதையெல்லாம் இந்த மாதமே விற்றுவிடு. அடுத்த முறை மேய்ச்சலிலேயே வளர்த்து, கடைசியில் கொஞ்ச நாள் மட்டும் தீவனம் போடு. குளிர்காலத்தில் புல் சத்து வற்றி லேசாக மெலிந்தாலும் பயப்படாதே, மழைக்குப் பிறகு வேகமாக ஈடுகட்டிவிடும். பால்குடிப் பருவத்தில் பட்டினி கிடந்த கன்றுகளிடம் மட்டும் அதை எதிர்பார்க்காதே.

காவடிக்கு வருவாய்தானே? தீவனக் கணக்கையும் எடுத்து வா, உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்