பராமரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராதவர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. சில முறை போதிய உறுப்பினர் எண்ணிக்கை (கோரம்) இல்லாமல் கலைந்தது. மறதிநோய் பற்றி மருத்துவர் உரை ஒன்று, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் உடன்பிறந்தோருக்கான சந்திப்பு ஒன்று. இரண்டும் நன்றாகவே நடந்தன.

அடுத்து, விவரத்தாள். நாம் பராமரிக்கும் ஒருவர் வீட்டை விட்டுத் தனியே போய்விட்டால் போலீஸ் என்னென்ன கேட்குமோ அதற்கெல்லாம் முன்கூட்டியே பதில் எழுதி வைப்பதுதான் இது. செயலாளர் சொந்த ஆசைக்குச் செய்கிறார் என்று ஒரு பேச்சு காதில் விழுந்ததால் சொல்கிறேன்: பிரிட்டனில் போலீஸாரே 'ஹெர்பர்ட் புரோட்டோகால்' என்ற பெயரில் இதைப் பரப்புகிறார்கள். அந்தப் பெயருக்கு உரிய ஜார்ஜ் ஹெர்பர்ட், இரண்டாம் உலகப் போரில் நார்மண்டி தரையிறக்கத்தில் போரிட்டவர். மறதிநோய் வந்தபின் பலமுறை காணாமல் போனார். கடைசியில், சிறுவயதில் வாழ்ந்த வீட்டைத் தேடிப் போனபோது இறந்தார். அதனால்தான் நம் தாளில் பழைய முகவரிகளும் வேலை பார்த்த இடங்களும் கேட்கப்படுகின்றன. இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதுவே பதில்.

பிள்ளைகளுக்கான தாளில் முதல் கேள்வியே, பக்கத்தில் எங்கெங்கே தண்ணீர் இருக்கிறது என்பது. குளம், கிணறு, நீச்சல் குளம் எதையும் விடக்கூடாது. வெளியேறும் ஆட்டிசம் பிள்ளைகளின் மரணத்துக்கு முதன்மையான காரணம் நீரில் மூழ்குவதுதான். தேடுகிறவர்கள் முதலில் ஓட வேண்டியதும் அங்கேதான்.

விநியோகித்த தாள்களில் பாதிகூடத் திரும்பி வரவில்லை. 'எங்கள் அம்மா அப்படிப் போகிறவர் இல்லை' என்பதே பெரும்பாலோர் சொன்ன காரணம். அமெரிக்காவின் அல்சைமர்ஸ் அசோசியேஷன், மறதிநோய் உள்ளவர்களில் 10 பேரில் 6 பேர் ஒருமுறையாவது இப்படி அலையப் போவதாகச் சொல்கிறது. 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 4 வயதுக்கு மேற்பட்ட ஆட்டிசம் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஒருமுறையாவது வெளியேற முயன்றிருந்தார்கள். முதல் முறை போகும்வரை எல்லோருமே போகாதவர்கள்தான்.

அப்பாவைக் காணவில்லை என்று ஓர் உறுப்பினர் வீட்டிலிருந்து நள்ளிரவில் அழைப்பு வந்தது. தாள் நிரப்பாத வீடு. அப்பா என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்பதில் அண்ணனுக்கும் தம்பிக்கும் சண்டை. கையில் இருந்த புகைப்படமோ அவருக்கு முடி நரைக்காத காலத்தது. கடைசியில் அவர் பக்கத்துக் கட்டடத்தின் பின்னால், புதருக்குள் உட்கார்ந்திருந்தார். அத்தனை பேர் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் குரல் கொடுக்கவில்லை. மறதிநோயில் அது சகஜம். அதனால் கூப்பிட்டால் மட்டும் போதாது, மூலை முடுக்கெல்லாம் கண்ணால் பார்க்க வேண்டும். கால் மணி நேரம் அக்கம்பக்கம் தேடியும் கிடைக்காவிட்டால் உடனே போலீஸுக்குச் சொல்லிவிடுங்கள். 24 மணி நேரம் காத்திருப்பதெல்லாம் சினிமாவில். அந்த வீட்டின் சந்தா இரண்டு ஆண்டுகளாகப் பாக்கி என்பது அன்றிரவு எனக்கு நினைவில்லை. இப்போது இருக்கிறது.

தாளைவிடக் கருவிதான் வேண்டும் என்று பலர் கேட்டதால், ஆள் இருக்கும் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் கருவிகள் சில வாங்கி இரவலாகக் கொடுத்தோம். திரும்பி வந்தவற்றில் பல சார்ஜ் இல்லாமல் கிடந்தன. சார்ஜ் இல்லாத கருவியும் தாயத்தும் ஒன்றுதான். சார்ஜ் இருந்தாலும் கட்டடத்துக்குள் இருப்பிடம் சரியாகக் காட்டாது, செல்போன் சிக்னல் இல்லாத இடத்திலிருந்து தகவல் வராது. உடம்பில் உறுத்தினால் பிள்ளைகள் கழற்றி எறிவார்கள். உடையின் உள்பக்கம் தைத்து வைப்பது மேல். கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாளையும் நிரப்புங்கள் என்கிறேன்.

கேட்ட வீடுகளில், கதவு திறந்தால் ஒலிக்கும் மணியும், கண்ணில் படாத உயரத்தில் தாழ்ப்பாளும் பொருத்திக் கொடுத்தோம். அப்புறம், ஆளைத் தனியே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். தீப்பிடித்தால் வெளியே வர வழி இருக்காது.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். சுருக்கமாக: கடன் இல்லை, கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. 'இதர செலவு' கொஞ்சம் பெருத்திருப்பது தாள்களின் அச்சுக்கூலியாலும் ஜிபிஎஸ் கருவிகளின் சிம் கட்டணத்தாலும்தான். ரசீதுகள் பெரும்பாலும் உள்ளன.

தலைவர், பொருளாளர், தாழ்ப்பாள் பொருத்திய தன்னார்வலர்கள், கூட்டத்துக்கு இடம் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு வேறு செயலாளர் கிடைத்தால் மகிழ்ச்சியே. சென்ற ஆண்டும் இதைத்தான் சொன்னேன். யாரும் முன்வராவிட்டால் தொடர்கிறேன். ஆனால் தாளில் அவசர எண்ணாக இருப்பது என் எண் மட்டும். இரவில் போனை எடுக்க இன்னும் இரண்டு பேராவது வேண்டும். நிரப்பாத தாள்களும் பேனாவும் வாசல் மேசையில் இருக்கின்றன. சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேதான்.

செயலாளர்