மண்டித் தெருப் பழைய கணக்குகளுக்கு ஒரு கூரை: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரரை வணங்கி இதை எழுதுகிறோம். மிளகு மூட்டையோடு தனியே வந்த வணிகருக்குத் துணையாக நடந்து வந்த சாமி அவர். வழித்துணைநாதர் என்ற பேரே அதனால்தான். பழைய கணக்குக் கட்டுகளைக் காப்பாற்றும் நம் காரியத்துக்கும் கூட வருவார் என்று நம்புகிறோம். ஆனால் அவை இருக்கும் இடத்தைக் காலி செய்யக் கட்டடக்காரர் கொடுத்திருக்கும் கெடு தை மாதக் கடைசி. அதற்குள் இன்னும் 4,85,000 ரூபாய் சேர வேண்டும்.

விஷயம் பலருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். மண்டித் தெருவில் ஒரு பழைய கிடங்கின் மாடியில் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கணக்குக் கட்டுகள் கிடக்கின்றன. பேரேடு, நாள்வழி என்ற அன்றாடக் கணக்குப் புத்தகம், கடன் சீட்டு, ரயில் ரசீது, ஏல நோட்டீஸ், முனிசிபாலிட்டி அறிவிப்பு, காலணாத் தபால் கார்டு என்று எல்லாம் கலந்து கிடக்கிறது. கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். இடிப்பவர்கள் மேல் நமக்கு வருத்தம் இல்லை, இத்தனை நாள் வாடகை கேட்காமல் வைத்திருந்ததே பெரிது. ஆனால் போன ஐப்பசி மழையில் ஓடு விலகி இரண்டு கட்டுகள் ஊறிவிட்டன. பிரிக்கப் போனால் களியாகக் கையோடு வந்தது. அதில் என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது.

வேலூர்க்காரர்களைக் கிண்டல் செய்ய வெளியூர்க்காரர்கள் ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள்: மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். அதில் கடைசியை நாம் 1981-ல் அடித்துத் திருத்தினோம். அந்த மார்ச் மாதம் ஜலகண்டேஸ்வரரைச் சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக்குள் கொண்டுபோய் வைத்தபோது கூடவே நடந்தவர்கள் நம் குழுவிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். இப்போது நாமே பட்டியலில் புதிதாக ஒன்றைச் சேர்த்துவிடக் கூடாது: கணக்கில்லாத பஜார்.

நம் ஊர் சரித்திரம் என்றால் எல்லோருக்கும் 1806 ஜூலை 10 மட்டும்தான் ஞாபகம் வரும். சிப்பாய்கள் எழுந்த அந்த ராத்திரியை மறக்கச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு அப்புறம் கடை எப்போது திறந்தது, கோட்டைக்கு அரிசி யார் கொடுத்தார்கள், கடனாகவா ரொக்கமாகவா என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடிய காகிதங்கள் இந்த மாதிரி மாடிகளில்தான் கிடக்கும். நம்மிடம் இருப்பவை அவ்வளவு பழையவை அல்ல, அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலானவை ரயில் வந்த பிறகு எழுதப்பட்டவை. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ரயில் ஓடியது, தென்னிந்தியாவுக்கே அதுதான் முதல் பாதை. மலைக்கு மேலிருந்து இறங்கிய சரக்கெல்லாம் அதுவரை மாட்டு வண்டியில் போய்க்கொண்டிருந்தது. வாலாஜாபேட்டை அந்த வியாபாரத்தில் வளர்ந்த ஊர், ரயில் அதை விட்டு விலகிப் போனதும் இளைத்தது. நம் நாள்வழிகளில் 'வண்டிக் கூலி' என்ற வரி மெல்லக் குறைந்து 'ரயிலடிக் கூலி' என்ற வரி கூடுவதைப் பார்க்கலாம். பாடப் புத்தகத்தில் இது ஒரு வரியில் முடிந்துவிடும். இங்கே ஒவ்வொரு நாளும் தனித்தனியாக இருக்கிறது.

ஒரு நாள்வழியை மட்டும் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் தாளின் நான்கு மூலையிலும் தடவிய மஞ்சள் இன்னும் போகவில்லை. மேலே பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே 'லாபம்' என்ற ஒரே வார்த்தை, அப்புறம்தான் கணக்கு. எண்களெல்லாம் தமிழ் எண்கள். வருஷம் தாது. தாது வருஷம் என்றால் 1876-77, பஞ்சம் வந்த வருஷம். ஓரத்தில் ரூபாய்க்கு எத்தனை படி அரிசி என்று நாள்தோறும் எழுதி வந்திருக்கிறார்கள். தாளைத் திருப்பத் திருப்ப அந்தப் படி குறைந்துகொண்டே போகும். விலை ஏறியது என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. நடுவில் சில தாள்களில் ராமபாணப் பூச்சி போட்ட ஓட்டை, கயிறு கோத்த துளையைவிடப் பெரிதாகிவிட்டது.

அந்தக் காலத்துச் சின்னக் காசு தம்பிடி, ஒரு ரூபாய்க்கு 192 தம்பிடி. அந்த 192-இல் ஒன்று குறைந்தாலும் ராத்திரி விளக்கு வைத்துக்கொண்டு தேடியவர்கள் நம் தாத்தாக்கள். எடையில் நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு என்று வாயாலேயே போட்டு, காலுக்கும் அரைக்காலுக்கும் பதினாறில் ஒன்றான மாகாணிக்கும் கணக்குச் சொன்னார்கள். கடை மூடியவர் கடனைக்கூட எழுதி வைத்தார்கள், கோடு போட்டு அடிக்கவில்லை.

நோட்டீஸ் கட்டு தனி. வட ஆற்காடு ஜில்லாத் தலைநகர் அப்போது சித்தூர், 1911-க்கு அப்புறம்தான் அது வேலூருக்கு வந்தது. அதனால் கலெக்டர் ஆபீஸ் ஏல அறிவிப்புகள் அங்கிருந்தே வரும். 1866-ல் முனிசிபாலிட்டி வந்ததும் உள்ளூர் அறிவிப்பும் சேர்ந்துகொண்டது. 'இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்' என்று ஆரம்பித்து விளக்கெண்ணெய்க் குத்தகை வரைக்கும் இழுத்துக்கொண்டு போவார்கள். தமிழோடு தெலுங்கிலும் உருதுவிலும் இருக்கும். படிக்கத் தெரியாதவர்களுக்குத் தமுக்கு, அதாவது தண்டோரா. தமுக்கு அடித்தவருக்குக் கொடுத்த கூலி கணக்கில் இருக்கிறது, அவர் பேர்தான் எங்கேயும் இல்லை. 2022-ல் அரசு தண்டோராவுக்குத் தடை போட்டது. நல்ல காரியம். ஆனால் அந்தக் கூலி வரியையும் பூச்சிக்குக் கொடுத்துவிட்டால் அந்த மனிதர்கள் இருந்ததற்கே சாட்சி இருக்காது. அச்சடித்த தாள்களுக்கு நடுவே காணாமல்போன மாட்டுக்காகக் கையால் எழுதி ஒட்டிய ஒரு சீட்டும் கிடைத்தது. இடது கொம்பு வளைந்த மாடாம். கிடைத்ததா என்று தெரியவில்லை!

சரி, பணத்துக்கு வருவோம்.

நம் வேலூர் சைதாப்பேட்டையில் ஒரு சத்திரத்தின் மேல்மாடியில் இரண்டு அறை பேசியிருக்கிறோம். முன்பணம் ஒரு லட்சம், வாடகை மாதம் 9,000, ஒரு வருஷத்துக்கு இரண்டும் சேர்த்து 2,08,000. கூரை ஒழுக்கை அடைத்து வயரிங் மாற்ற 1,64,000. இரும்பு பீரோ ஒன்று 14,500 வீதம் பதினாலு, ஆக 2,03,000. ஸ்கேனரும் கணினியும் 2,85,000. பூச்சி மருந்து, கிழிந்த தாளுக்கு ஒட்டும் மெல்லிய காகிதம், உறை எல்லாம் 1,20,000. தாள் பிரித்து ஸ்கேன் செய்ய இரண்டு பேருக்கு மாதம் 9,000 வீதம் பத்து மாதத்துக்கு 1,80,000. மொத்தம் 11,60,000. இதுவரை கைக்கு வந்தது 6,75,000. பீரோ விலை அதிகம் என்று ஒருவர் சொன்னார். குறைந்த விலைக்கு அவரே வாங்கித் தந்தால் சந்தோஷமாக எடுத்துக்கொள்கிறோம்.

இதுவரை கொடுத்தவர்களை மறக்க மாட்டோம். முதல் பணம் சுமை தூக்கும் தொழிலாளர்களிடமிருந்து வந்தது. ஆளுக்கு இருநூறு ரூபாய் போட்டு, 'எங்க தாத்தா தூக்கின மூட்டையும் அதில் இருக்கும்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். லாங் பஜார் பூக்கடைப் பெண்கள் ஒரு வெள்ளிக்கிழமை வியாபாரத்தை அப்படியே கொடுத்தார்கள், சில்லறையாக, ஈரத்தோடு. ஆம்பூரிலிருந்து ஒரு தோல் மண்டி பாய், கேட்காமலேயே பஸ் ஏறி வந்து ஒரு லட்சம் கொடுத்துவிட்டு, பேர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய முன்னோர்கள் தோல் பதனிட ஆவாரம்பட்டை வாங்கிய சீட்டு நம் கட்டில் இருப்பதை எடுத்துக் காட்டினோம், வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். உருதுத் தாள்களைப் படித்துத் தர ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வருகிறார், டீக் காசுகூட வாங்குவதில்லை. கொசப்பேட்டை அம்மா ஒருவர், பணம் இல்லை என்று நெல் அளக்கும் வீட்டுப் பித்தளை மரக்காலையே கொண்டுவந்து வைத்துவிட்டார். ஒரு ஆட்டோத் தம்பி மாதம் 500 தவறாமல் கொடுக்கிறார். இவர்கள் எல்லோருக்கும் கைகூப்புகிறோம்.

இன்னொரு விஷயமும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆயுத பூஜை அன்று நடந்த கூட்டத்தில் ஒன்பது பேர் கை தூக்கித் தொகை சொன்னார்கள். கூட்டிப் பார்த்தால் 1,40,000. கைதட்டலும் வாங்கினார்கள், பொன்னாடையும் வாங்கினார்கள். கார்த்திகை பிறந்துவிட்டது, பணம் வரவில்லை. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை, அவரவருக்கு அவரவர் கஷ்டம். ஆனால் சொன்ன தொகையைப் பற்று எழுதி வைக்கும் பழக்கம் இந்தத் தெருவுக்கே உரியது. நாங்களும் எழுதி வைத்திருக்கிறோம். அது வந்துவிட்டால் மீதி 3,45,000தான். ஊரில் கல்யாண ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றுக்கு ஆகும் செலவில் ஒரு பீரோவே வந்துவிடும் என்பதையும் மெதுவாக ஞாபகப்படுத்துகிறோம்.

பணமாகத் தர முடியாதவர்கள், வீட்டுப் பரணில் பழைய கணக்குக் கட்டு கிடந்தால் கொண்டுவந்து கொடுங்கள். எடைக்குப் போட வேண்டாம். தெலுங்கோ, மராத்தியை எழுதிய பழைய மோடி எழுத்தோ படிக்கத் தெரிந்தவர்கள் வந்தாலும் பணத்துக்குச் சமம்.

தினமும் மாலை ஐந்து முதல் எட்டு வரை பொருளாளர் கிடங்கு வாசலிலேயே ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். நூறு ரூபாயானாலும் ரசீது உண்டு. வரவு செலவை ஒவ்வொரு அமாவாசைக்கும் வாசல் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம், யார் வேண்டுமானாலும் நின்று கூட்டிப் பார்க்கலாம். மார்கழி முதல் ஞாயிறு காலை கட்டுகளை மாடியிலிருந்து இறக்க ஆரம்பிக்கிறோம். கை கொடுக்க வருபவர்கள் பழைய சட்டையாகப் போட்டுக்கொண்டு வாருங்கள், தூசி அதிகம். வெண்பொங்கல் உண்டு.

இப்படிக்கு,
மண்டித் தெருப் பழங்கணக்குப் பாதுகாப்புக் குழுவினர்,
வேலூர்.