ஆர்.ஐ. சார் வீட்டிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) சாரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அவர் மனைவி, எங்களுக்கு அண்ணி, இப்போது எழுதும் நிலையில் இல்லை. பிள்ளைகளுக்கு உங்களில் பாதிப் பேரைத் தெரியாது. சாருக்கு எதிர் மேசையில் வருடக்கணக்கில் உட்கார்ந்தவன் என்ற உரிமையில் நான் எழுதுகிறேன். கடைசி நாட்கள் எப்படிப் போயின என்பது உங்களுக்கே தெரியும். அதை மறுபடி சொல்லப்போவதில்லை.

இரத்தம் கொடுத்தவர்கள், மருத்துவமனை வாசலில் முறைவைத்து விழித்திருந்தவர்கள், தூக்குவாளியில் சாப்பாடு அனுப்பிய அக்கம்பக்கத்து வீட்டார், விடுப்பு போட்டுவிட்டு வந்த கிராம நிர்வாக அலுவலர்கள், ஓய்வூதியர் சங்கத்தினர், கூப்பிடாமலே வந்து ஓடியாடிய பழைய ஜீப் ஓட்டுநர், அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. பெயர் சொல்லவில்லை. பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டாலும் தாளைத் திருப்பி அனுப்பிவிடுகிற மனிதரின் பெயரால் எழுதும் மடல் இது; வம்பு எதற்கு?

ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். தாலுகா அலுவலக வாசலில், புங்கமரத்தடியில் மனு எழுதும் பெரியவர்.

நம்மவர் வட்டாட்சியராக ஓய்வு பெற்றவர் என்றாலும் ஊருக்கு என்றும் ஆர்.ஐ. சார்தான். முதியோர் உதவித்தொகை மாதம் 200 ரூபாயாக இருந்த காலத்தில், அதைக் கேட்க வரும் பாட்டிகளிடம் மனு எழுத 20 ரூபாய் வாங்குவதா என்று அவருக்குக் கோபம். பெரியவரை வராந்தாவிலிருந்து மரத்தடிக்குத் துரத்தியவர் அவர்தான். அதோடு விடவில்லை. வராந்தாவில் ஓர் இளநிலை உதவியாளரை உட்காரவைத்து, காசில்லாமல் மனு எழுதித் தரச் செய்தார். பெரியவருக்கு அன்றாட வரும்படியில் பாதி போயிற்று. இருவரும் அதன்பின் முகம் கொடுத்துப் பேசி நான் பார்த்ததில்லை.

அந்தப் பெரியவர்தான் காரியத்துக்கு மறுநாள் காலையில் வந்தார். கையில் முழுநீளத் தாள்கள், கார்பன், ஒரு பால்பாயிண்ட் பேனா. "குடும்ப ஓய்வூதியத்துக்கு எழுத வேண்டுமே" என்றார். அங்கே ஓய்வுபெற்ற வட்டாட்சியர்கள் மூன்று பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். எங்களைக் கேட்கவே இல்லை. பென்ஷன் புத்தகத்தை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தார். அண்ணியின் பிறந்த தேதிக்கான இடம் வெறுமையாக இருந்தது. எங்களில் ஒருவர் கண்ணிலும் அது பட்டிருக்கவில்லை. "80 வயதானால் 20 சதவீதம் கூடுதலாக வரும். அப்போது அம்மா இந்தத் தேதிக்காகக் கருவூலத்துக்கு அலையக் கூடாது. இப்போதே சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு வரி எழுதிவிடுகிறேன்" என்றார். எழுதினார். நகலைத் தனியே மடித்து அண்ணியிடம் கொடுத்து, கருவூலத்தில் தேதி முத்திரை வாங்கிப் பத்திரமாக வைக்கச் சொன்னார்.

பணத்தை எடுத்தேன். கையைத் தட்டிவிட்டார். "ஆர்.ஐ. சார் என் பிழைப்பில் கை வைத்தவர். ஆனால் யாரிடமும் கை நீட்டியவர் இல்லை. அவர் வீட்டில் நான் நீட்டுவேனா?" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நானும் ஆர்.ஐ. சாரைக் கடுகடுப்பான மனிதர் என்றுதான் நினைத்திருந்தேன், 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்துக்குப் பணிக்கு அனுப்பப்படும்வரை. அக்கரைப்பேட்டைப் பக்கம் அடையாளம் தெரியாத உடல்களைச் சீக்கிரம் புதைத்தாக வேண்டிய நெருக்கடி. எண்ணிக்கை மட்டும் கேட்டு மேலிருந்து ஆள் வந்துகொண்டே இருந்தது. இவர் ஒரு நீள நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதினார். "நீலப் பாவாடை. இடது காலில் கொலுசு. வலது காலில் இல்லை." அவசரப்படுத்தியவர்களிடம், "நாளைக்கு ஒரு தாய் வந்து கேட்டால் எண்ணிக்கையையா காட்டுவீர்கள்?" என்றார். ஒரு தாய் வரவும் செய்தார். அந்த நோட்டைப் பார்த்தார். அதற்குமேல் நான் எழுதப்போவதில்லை.

சங்கக் கட்டடத்தில் இனி வாரம் ஒருநாள் நாங்கள் சிலர் உட்கார்ந்து, கணவரையோ மனைவியையோ இழந்த ஓய்வூதியர் குடும்பங்களுக்கு மனு எழுதித் தருவதாக முடிவு செய்திருக்கிறோம். முதலில் அந்தப் பெரியவரை அழைத்து எங்களுக்கு வகுப்பெடுக்கச் சொல்ல வேண்டும். பணம் கொடுத்தால்தான் வருவாராம். நியாயம்தான்.

இன்னும் ஒன்று. பந்தல், நாற்காலி வாடகையை யாரோ கட்டிவிட்டீர்கள். பந்தல்காரர் பெயர் சொல்ல மறுக்கிறார். நல்ல மனம்தான், ஆனால் கணக்கில் வராத பணத்தை ஆர்.ஐ. சார் வீட்டில் வைத்திருக்க முடியாது என்று அண்ணி பிடிவாதமாக இருக்கிறார். தயவுசெய்து என்னை வந்து பாருங்கள்.

நன்றியுடன்,
எதிர் மேசைக்காரன்