காவல்துறைப் புகார் ஆணையத்துக்கு நீதிபதி தலைவராக வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

'போலீசைக் கண்டு தப்பி ஓடியபோது கீழே விழுந்து கால் முறிந்தது' என்ற செய்தியும், மாவுக்கட்டோடு ஒரு வாலிபர் படமும் வழக்கமாகிவிட்டன. வடசென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர்ப் பக்கம் அதை யாரும் நம்புவதில்லை; போலீஸ் அடித்துத்தான் முறிந்தது என்கிறார்கள். படத்தில் இருப்பவர் குற்றம் செய்தவராகவே இருக்கட்டும். தண்டனை தர வேண்டியது கோர்ட். அந்தப் படத்துக்குக் கை தட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

2022 ஏப்ரலில் இரவு வாகனச் சோதனையில் பிடிபட்ட ஓர் இளைஞர், சென்னை தலைமைச் செயலக காலனி ஸ்டேஷன் போலீசாரின் காவலில் இறந்தார். முதலில் வலிப்பு என்றார்கள். பிரேதப் பரிசோதனையில் 13 காயங்கள் தெரிந்த அப்புறம்தான் அது கொலை வழக்கானது. அதே ஆண்டு ஜூனிலேயே கொடுங்கையூரில் இன்னொரு காவல் மரணம்.

கடமையின்போது செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கு அதிகாரிகள் மீது வழக்கு நடத்த அரசின் அனுமதி வேண்டும் என்கிறது சட்டம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197-வது பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (பிஎன்எஸ்எஸ்) 218-வது பிரிவாகியிருக்கிறது. 120 நாளில் அரசு முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று சேர்த்திருப்பது நல்ல மாற்றம். சரி, அதுவரை ஒரு புகார் போய்ச் சேர வேண்டுமே? காவலில் உயிர் போனால் மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். அடிபட்டுப் பிழைத்து வருகிறவர் என்ன செய்வார்? அடித்தவர்கள் இருக்கும் ஸ்டேஷனிலேயே போய் எழுதிக் கொடுப்பாரா? அடுத்த வாரமே 'சந்தேக கேஸ்' என்று தூக்கிப் போவார்களோ என்று அவரைப் பெற்றவள் பயப்படமாட்டாளா?

இதற்காகத்தான், காவல்துறைச் சீர்திருத்தம் கேட்டு முன்னாள் டிஜிபி பிரகாஷ் சிங் தொடுத்த வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் காவல்துறைப் புகார் ஆணையம் அமைக்கச் சொன்னது. ஓய்வுபெற்ற நீதிபதி தலைவராக இருக்க வேண்டும் என்றது. நம் மாநிலத்தின் 2013-ஆம் ஆண்டுச் சட்டமோ உள்துறைச் செயலாளரைத் தலைவராகவும் டிஜிபியை உறுப்பினராகவும் போட்டது. மாவட்டத்தில் கலெக்டரும் எஸ்பியும். யார் மேல் புகாரோ அந்தத் துறையை நடத்துகிறவர்களே விசாரிக்கவும் செய்தால், அடிபட்டவர் எந்த நம்பிக்கையில் படியேறுவார்?

இந்தச் சட்டத்தை அரசு உடனே திருத்த வேண்டும். நீதிபதி தலைமையில் ஆணையம் வரட்டும். புகார் வந்த அன்றே ஸ்டேஷன் கேமரா பதிவைக் கைப்பற்றும் அதிகாரமும் அதற்கு வேண்டும். பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-லேயே சொல்லியிருக்கிறது. அதனால் 'அழிந்துவிட்டது' என்ற பதிலை ஆணையம் ஏற்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வியாசர்பாடி, சென்னை.