வலது கால்

தாராவி, மும்பை
வியாழக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இதை உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். வீட்டு விலாசமும் என்னிடம் இருக்கிறது, ஆனாலும் இப்படி அனுப்பத்தான் தோன்றியது. படித்துவிட்டு உன் மேஜையிலேயே வைத்துக்கொள்.

மூன்று வாரமாக நீ போன் எடுப்பதில்லை. 'பிஸிம்மா, அப்புறம் பேசுறேன்' என்று ஒரு வரி வருகிறது. சரி, வேலை இருக்கும். சித்தப்பா வீட்டுக் கல்யாண ஆல்பம் வந்துவிட்டது. அதைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனாவை எடுத்தால் உன் கால்தான் கண்ணில் வந்து நிற்கிறது. அதனால் முதலில் காலைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

கல்யாணத்துக்கு வந்த இரண்டு நாளும் நீ நம் படியில் இறங்கியதை மேலே நின்று பார்த்தேன். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினாய். ஏறும்போது இவ்வளவு கஷ்டம் தெரியவில்லை. அது அப்படித்தான் இருக்கும். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பை மேலே தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே போக வேண்டும், அதே நேரம் உடம்பைத் தாங்கவும் வேண்டும். ஊரில் ஆச்சி வீட்டுக் கிணற்றில் நிறைந்த வாளியை இழுத்திருக்கிறாயே, அதே வாளியைக் கயிறு வழுகாமல் மெல்ல மெல்ல உள்ளே விட்டுப் பார்த்தால் கை எங்கே வலிக்கும் என்று தெரியும். பலம் குறைந்த தொடை இறங்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

அப்புறம், மண்டபத்து ரூமில் நீ சேலை மாற்றும்போதும் பார்த்துவிட்டேன். வேண்டுமென்று பார்க்கவில்லை. 24 வருஷம் ஃபிசியோதெரபி டிபார்ட்மெண்டில் அட்டெண்டராக இருந்த கண் இது. ஆள் உள்ளே வந்ததும் முகத்துக்கு முன்னால் காலைத்தான் பார்க்கும்.

தொடையின் முன்பக்கம் நான்கு தசை. குவாட்ரிசெப்ஸ் என்பார்கள். நடுவில் மேலாக ஓடுவது ரெக்டஸ் ஃபெமோரிஸ், அது மட்டும் இடுப்பையும் தாண்டி மேலே போய்ப் பிடித்திருக்கும். அதனால் காலை மடக்கித் தூக்கவும் உதவும், முழங்காலை நீட்டவும் உதவும். அதற்கு அடியில் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று. நான்கும் கீழே வந்து சேர்ந்து முழங்கால் சில்லைப் பிடித்து, அதையும் தாண்டி முன்னங்கால் எலும்பில் போய் ஒட்டிக்கொள்கின்றன. உள்பக்கத் தசைக்கு வாஸ்டஸ் மீடியாலிஸ் என்று பெயர். சில்லுக்கு மேலே உள்பக்கமாகக் கண்ணீர்த் துளி வடிவத்தில் திரண்டு நிற்கும். முழங்காலில் அடிபட்டால் முதலில் வற்றித் தெரிவது அந்த இடம்தான்.

உனக்கு அது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். ஒன்பதாவது படிக்கும்போது கோ-கோ ஆடினாயே. எட்டுப் பேர் வரிசையில் ஒருவர் விட்டு ஒருவர் எதிரெதிராகப் பார்த்துக் குத்தவைத்து உட்கார்ந்திருப்பீர்கள், முதுகில் கை பட்டு 'கோ' என்றதும் பாய வேண்டும். நீ எழுந்ததை யாரும் பார்த்ததில்லை, ஓடுவதைத்தான் பார்ப்போம். உன் தொடையைக் காட்டி எங்கள் டாக்டரம்மா ஸ்டூடண்ட்ஸுக்கு, 'இதோ பாருங்கள், புத்தகத்தில் போட்ட படம் மாதிரி' என்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையில் வரும் வழியில் உனக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். நம் சால் குடியிருப்பில் முதல் இன்ஜினியர் நீ. ஆனாலும் எனக்கு அந்த ஜிலேபி நாள்தான் பெரிசு.

இப்போது வலது காலில் அந்த இடம் குழி விழுந்திருக்கிறது. இடது காலோடு வைத்துப் பார்த்தால் என் கண்ணுக்கே தெரிகிறது.

அதனால் நான் சொல்வதைச் செய். காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார். துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வை. துண்டை நசுக்குவது மாதிரி முழங்காலைக் கீழே அழுத்து. சில்லு மேலே ஏறுவது தெரிய வேண்டும். மனசுக்குள் ஐந்து எண்ணிவிட்டு விடு. பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. குழியான இடத்தில் இரண்டு விரலை வைத்துக்கொள், இறுகுகிறதா என்று தெரியும். முதல் சில நாள் ஒன்றும் இறுகாது, பயப்படாதே. மூட்டுக்குள் நீர் கோத்திருந்தால் நரம்பு தொடைக்கு வேலை செய்யாதே என்று சொல்லிவிடும். தசை சும்மாதான் இருக்கிறது, ஆணைதான் போய்ச் சேரவில்லை. விடாமல் அழுத்தினால் போய்ச் சேரும். அதற்கு முன்னால் ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டு. உள்ளே லிகமெண்ட், எலும்பை எலும்போடு கட்டும் நார், கிழிந்திருந்தால் துண்டு அழுத்தி மட்டும் சரியாகாது. வலி மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடாதே. டாக்டரிடம் காட்டு.

நம்மைப் போன்ற ஆட்கள் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பின்பக்கத்தை மறந்துவிடுவோம். உட்காரும்போது தரையில் படும் எலும்பிலிருந்து மூன்று தசை கிளம்பி முழங்காலுக்குக் கீழே போய்ச் சேர்கின்றன, ஹாம்ஸ்ட்ரிங். காலை மடக்கி, முழங்காலுக்குப் பின்னால் கை வைத்தால் இரண்டு பக்கமும் கயிறு மாதிரித் தட்டுப்படும். ஒரு காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சரியாமல் பிடிப்பது குளூட்டியஸ் மீடியஸ். கண்ணாடி முன்னால் வலது காலில் மட்டும் நின்று பார், இடது இடுப்பு கீழே இறங்குகிறதா என்று எனக்குச் சொல். கெண்டைக்காலில் மேலே கேஸ்ட்ரோக்னீமியஸ், அடியில் சோலியஸ், இரண்டும் சேர்ந்து குதிகால் நரம்பாக இறங்குகின்றன. நாம் நரம்பு என்றாலும் அது தசைநார், உடம்பிலேயே தடிமனானது. அந்தத் தசைக்கு நம் ஆட்கள் கெண்டை மீனின் பெயரை வைத்திருக்கிறார்கள் பார், குதிகாலைத் தூக்கினால் உள்ளே மீன் திரும்புவது மாதிரித்தான் இருக்கும். நீ ஆபீஸில் உட்கார்ந்தே இருக்கிறாய். மணிக்கொரு தடவை குதிகாலைத் தூக்கித் தூக்கி வை. காலில் தேங்கும் ரத்தத்தை மேலே தள்ளுவது அந்த மீன்தான்.

இதெல்லாம் நான் படித்ததில்லை, உனக்குத் தெரியும். மெழுகுத் தொட்டியைச் சூடாக்கிக்கொண்டு, மணல் மூட்டைகளை அடுக்கிக்கொண்டு காதால் கேட்டது. பரீட்சை நேரத்தில் ஸ்டூடண்ட்ஸ் எலும்புக்கூட்டைச் சுற்றி நின்று சத்தமாகச் சொல்வார்கள். ஒவ்வொரு தசைக்கும் நான்கு கேள்வி. ஆரம்பம் எங்கே, முடிவு எங்கே, எந்த நரம்பு, என்ன வேலை. காலண்டர் தாளைத் தைத்த நோட்டில் நான் அதைத் தமிழில் எழுதி வைத்தேன். அந்த நோட்டில் நீ பூ படம் வரைந்து வைத்தாய்.

உன்னிடம் எனக்கு முதல் கேள்வி கேட்க வாய் வரவில்லை.

பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாய். போன வாரம் என்றாய். ஒரு வாரத்தில் தொடை அப்படி வற்றாது பாப்பா. மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரம் கிடந்து, கட்டைப் பிரித்ததும் எங்களிடம் வரும் கால் அப்படி இருக்கும். எத்தனை காலை அளக்க டேப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளை பக்கத்தில் நின்றார், கல்யாண வீடு, எல்லோரும் இருந்தார்கள். நீயும் வேறு பேச்சை எடுத்துவிட்டாய். அம்மாவிடம் சொல்லக்கூடாதா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. ஊருக்குக் கிளம்பும்போது நான் உன்னிடம் சரியாகப் பேசவில்லை, ஸ்டேஷனுக்கும் வரவில்லை. முறுக்கை மட்டும் கொடுத்து அனுப்பினேன்.

இப்போது சொல்கிறேன், எனக்குக் கோபப்பட உரிமை இல்லை.

அன்று மத்தியானம் பந்தி முடிந்து பேத்திக்கு நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். நான் ஒன்றுமே கேட்கவில்லை. அவளாகவே, 'ஆச்சி, அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க, தரையில சோப்பு இருந்துச்சு' என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், சரியாகச் சொன்னேனா என்று.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். உனக்கு ஒன்பது வயது. நாலாவது படித்தாய். எங்கள் டிபார்ட்மெண்டில் பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். டாக்டரம்மா வந்ததும், யாரும் கேட்காமலே, 'அம்மா மாடிப்படில வழுக்கி விழுந்துட்டாங்க, தண்ணி சிந்தியிருந்துச்சு' என்றாய். முந்தின ராத்திரி நான் உனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தேன். மூன்று தடவை சொல்லச் சொன்னேன். தண்ணி என்ற வார்த்தையை நீ விட்டுவிட்டாய் என்று மறுபடி சொல்ல வைத்தேன். படியில் தண்ணீர் இல்லை. உனக்கும் தெரியும், நீ கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாய்.

டாக்டரம்மா என் இடது காலைப் பார்த்தார். சில்லுக்கு மேல் பத்து சென்டிமீட்டரில் ஒரு புள்ளி வைத்து அளந்தார். இரண்டு சென்டிமீட்டர் குறைவு. 'எத்தனை நாள் ஆச்சு?' என்றார். போன வாரம் என்றேன். அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது, அவருக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும். எட்டு வருஷம் அவர் பக்கத்தில் நின்று டேப் கொடுத்தவள் நான். அவர் இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன். உன்னைப் பெஞ்சில் உட்கார வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வேன் என்று நினைத்திருப்பேன்.

அப்பா போய் ஏழு வருஷம் ஆகிவிட்டது. அவரைப் பற்றி இப்போது எழுதி என்ன. நான் எழுதுவது என்னைப் பற்றி. விழுந்தால் வழுக்கியது என்று சொல்ல வேண்டும் என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். வலது காலை எடுத்து வைத்துப் போ என்று சொல்லி உன்னை அனுப்பி வைத்தேன். போன இடத்தில் பொறுத்துக்கொள் என்றும் சொன்னேன், ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு போனிலும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக்கூடாது. நான் சொன்னதையெல்லாம் நீ அப்படியே செய்திருந்தால் அது என் தப்பு, உன் தப்பு இல்லை.

நான் நினைப்பது இல்லையென்றால், சோப்புதான் என்றால், அம்மாவைத் திட்டி ஒரு போன் போடு. மனசார வாங்கிக்கொள்கிறேன்.

முழங்காலுக்குப் பின்னால் பள்ளத்தில் பாப்லிடியஸ் என்று ஒரு சின்னத் தசை உண்டு. அதை எழுதாமல் விட்டுவிட்டேன். காலை நேராக நீட்டி நிற்கும்போது கடைசியில் தொடை எலும்பு லேசாக உள்பக்கம் திரும்பி மூட்டு பூட்டிக்கொள்ளும். அதனால்தான் ரேஷன் க்யூவில் அவ்வளவு நேரம் நிற்க முடிகிறது. மறுபடி நடக்க வேண்டுமென்றால் இந்தத் தசைதான் எலும்பைத் திருப்பிப் பூட்டைத் திறக்க வேண்டும். ஸ்டூடண்ட்ஸ் இதை முழங்காலின் சாவி என்று சொல்லித்தான் மனப்பாடம் செய்வார்கள். எனக்கு அது பிடித்துப் போய், நோட்டில் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன்.

நம் வீட்டுச் சாவி கீழ்வீட்டு மதினியிடம் ஒன்று இருக்கிறது, நான் இல்லாத நேரத்தில் வந்தாலும் வாங்கிக்கொள். உத்யான் ரயிலில் வந்தால் ராத்திரி எந்நேரமானாலும் போன் பண்ணு, இல்லை, போன்கூட வேண்டாம், வந்துவிடு. பேத்தியின் ஸ்கூலைப் பற்றி யோசிக்காதே, நீ படித்த ஸ்கூல் நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கிறது. என் பென்ஷன் வருகிறது. படியில் சுவர்ப் பக்கமும் ஒரு கைப்பிடி போடச் சொன்னேன், செவ்வாய்க்கிழமை ஆள் வந்து போட்டுவிட்டுப் போனான். ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது வலிக்கிற கால் முன்னால். மறக்காதே. டாக்டரிடம் காட்டு.

அன்புடன்,
அம்மா

டேப்பை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். சென்டிமீட்டர் பக்கத்தில் அள. சில்லின் மேல் விளிம்பிலிருந்து பத்து சென்டிமீட்டர் மேலே, இரண்டு காலிலும் ஒரே இடத்தில், தசையைத் தளர விட்டு. இரண்டு நம்பரையும் எனக்கு அனுப்பு. வேறு ஒன்றும் எழுத வேண்டாம், நம்பரை மட்டும் அனுப்பினால் போதும்.