பாட்டியின் சுகர் மாத்திரை

நியூகாசல், இங்கிலாந்து,
நவம்பர் 9

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் ட்யூட்டி குறுக்கே வந்துவிடுகிறது, கோபித்துக்கொள்ளாதே. உனக்குத் திண்டிவனம் பக்கமே மாற்றல் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். மாமியாரின் முட்டி ஆபரேஷனும் நல்லபடி முடிந்ததே, அது போதும். இங்கே சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடுகிறது.

விஷம் சம்பந்தமான கேஸ் வந்தால் நடுராத்திரியில் யாரைக் கேட்பாய் என்று எழுதியிருந்தாய். போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு வயதுப் பையன். பேரனைப் பார்க்க நம் ஊரிலிருந்து வந்திருந்த பாட்டியின் சுகர் மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். ஒன்றா இரண்டா என்று யாருக்கும் தெரியவில்லை. பையன் எமர்ஜென்சி முழுக்க ஓடுகிறான், சர்க்கரை அளவும் சரியாக இருக்கிறது. பாட்டிதான் ஒரு மூலையில் அழுதுகொண்டிருந்தார். மாத்திரை அட்டையில் இருந்த இந்திய பிராண்ட் பெயரைப் பார்த்து என் ஜூனியர் விழித்தான். நல்லவேளை, பாட்டி அட்டையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். திருப்பிப் பார்த்தேன்: மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைட், சர்க்கரையை வேகமாக இறக்கிவிடக்கூடிய மருந்து.

இங்கே முதலில் டாக்ஸ்பேஸைப் பார்ப்போம். மருந்து, சோப்பு, செடி, பூச்சிமருந்து என்று எதைத் தேடினாலும், என்ன அறிகுறி வரும், எத்தனை மணி நேரம் பார்க்க வேண்டும், என்ன கொடுக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லும் தளம் அது. பதிவு செய்த மருத்துவத் துறையினருக்கு மட்டும்தான் திறக்கும். அதிலும் தீராவிட்டால் தேசிய விஷத் தகவல் சேவைக்கு ஃபோன். அன்றைக்கு எடுத்த பெண்மணி என்ன சாப்பிட்டான், எவ்வளவு, எப்போது, எடை என்ன, இப்போது எப்படி இருக்கிறான் என்று அலட்டிக்கொள்ளாமல் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அந்தக் குரலைக் கேட்டே எனக்குப் பாதிப் பதற்றம் போய்விட்டது. குழந்தைக்கு ஆபத்தாக இந்த வகை மாத்திரை ஒன்றே போதும், சர்க்கரை தாமதமாகவும் இறங்கலாம், ஒரு நாள் முழுக்க வைத்துப் பாருங்கள் என்றாள். தேவைப்பட்டால் ஆலோசனை சொல்ல டாக்ஸிகாலஜி (விஷ மருத்துவ) கன்சல்டன்ட் லைனில் இருக்கிறார் என்றும் சொன்னாள்.

என்னை மட்டும் கேட்டிருந்தால், ஆறு மணி நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். விடிகாலை ஐந்து மணிக்கு அவன் சர்க்கரை 2.4-க்கு இறங்கிவிட்டது. நம் ஊர் மில்லிகிராம் கணக்கில் 43. குளுக்கோஸ் ஏற்றினோம், ஏறியது. திரும்பவும் இறங்கினால் இன்சுலின் சுரப்பை அடக்கும் ஆக்ட்ரியோடைட் ஊசி என்று அந்தப் பெண்மணி முன்பே சொல்லியிருந்ததால் அதையும் தயாராக வைத்திருந்தோம், தேவைப்படவில்லை. மறுநாள் ராத்திரி பையன் வீட்டுக்குப் போனான். பாட்டி எனக்கு ஒரு டப்பா முறுக்கு அனுப்பிவைத்தார்.

இந்த விஷத் தகவல் சேவை 1963-இல் தொடங்கியது. இப்போது எடின்பரோ, நியூகாசல், பர்மிங்காம், கார்டிஃப் என்று நான்கு இடங்களிலிருந்து இருபத்துநாலு மணி நேரமும் நடக்கிறது. முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் ஃபோன்தானாம். 1999-இல் டாக்ஸ்பேஸ் இணையத்துக்கு வந்த பிறகு எளிய கேள்விகளுக்கு எல்லோரும் அதையே பார்த்துக்கொள்கிறார்கள், சிக்கலான கேஸ்தான் ஃபோனுக்குப் போகிறது. பொதுமக்கள் நேரடியாகக் கூப்பிட முடியாது. அவர்கள் அரசு மருத்துவ உதவி எண்ணான 111-ஐத்தான் அழைக்க வேண்டும். வந்த புதிதில் இது எனக்குக் கொஞ்சம் கல்நெஞ்சமாகத் தெரிந்தது. 111-இல் இருப்பவர்களும் இதே டாக்ஸ்பேஸைத்தான் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் சமாதானமானேன்.

ஆனால் ஒன்று. அந்தப் பையன் விஷயத்தில் சொன்னது போல ‘பிடித்து வை’ என்று இந்தச் சேவையில் சொல்வது குறைவு. பெரும்பாலும் ‘ஒன்றும் செய்யாதீர்கள், வீட்டுக்கு அனுப்பலாம்’ என்பார்கள். நாம் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது என்ன குடித்தார்கள் என்று கேட்பதற்கு முன்பே டியூபைப் போட்டு வயிற்றைக் கழுவுவோமே, நினைவிருக்கிறதா? அதை வழக்கமாகச் செய்யக் கூடாது என்று அமெரிக்க, ஐரோப்பிய டாக்ஸிகாலஜி சங்கங்கள் 1997-லேயே சொல்லிவிட்டன. சும்மா இருப்பதற்கும் ஒரு ஆள் தைரியம் சொல்ல வேண்டியிருக்கிறது, மல்லி. ராத்திரி மூன்று மணிக்கு, உறவுக்காரர்கள் சுற்றி நின்று ‘ஏதாவது பண்ணுங்க டாக்டர்’ என்னும்போது.

இவர்கள் வெறும் ஃபோன் எடுப்பவர்களும் இல்லை. பாராசிட்டமால் விஷத்துக்கு நாம் ஏற்றுகிற முறிமருந்தான அசிட்டில்சிஸ்டீனை நரம்பு வழியாகக் கொடுத்துக் காட்டியது 1970-களில் எடின்பரோவில் லாரி பிரெஸ்காட்டின் குழுதான். அந்த 21 மணி நேர ட்ரிப்பை 12 மணி நேரமாகக் குறைத்து, வாந்தியும் அலர்ஜியும் நன்றாகக் குறைகின்றன என்று 2014-இல் காட்டியதும் எடின்பரோ, நியூகாசல் ஆட்கள்தான். எங்கள் ஊர்ப் பெருமை, கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உனக்குச் சிரிப்பு வரும், இந்த நாட்டில் இயற்கையாக இருக்கிற விஷப்பாம்பு ஒன்றே ஒன்றுதான், ஒரு சின்ன விரியன். அது கடித்தாலும் இவர்களைக் கேட்டுத்தான் மருந்து கொடுப்போம். நீ கண்ணாடி விரியன் கடிக்கு வாரம் எத்தனை பாட்டில் விஷமுறி மருந்து உடைக்கிறாயோ!

நீ கேட்ட ஒடுவந்தழை, அந்த விஷச் செடியின் இலையைத் தின்ற கேஸை இங்கே பார்த்த ஆள் யாரும் இல்லை. எடின்பரோவில் மைக்கேல் எடில்ஸ்டன் இருக்கிறார், இலங்கையில் வருஷக்கணக்காக மஞ்சள் அரளியையும் பூச்சிமருந்தையும் ஆராய்ந்தவர். ஆனால் ஒடுவனில் பொட்டாசியம் இறங்குவதையும் ரத்தத்தில் அமிலம் ஏறுவதையும் கட்டில் பக்கத்திலேயே நின்று பார்த்தவள் நீதான். அதற்கு முறிமருந்தும் கிடையாது. டெல்லி எய்ம்ஸில் 1995-இலிருந்து தேசிய விஷத் தகவல் மையம் இருக்கிறதே, அந்த நம்பரை ட்யூட்டி ரூம் சுவரில் ஒட்டிவை. அப்புறம் உன் நோட்டுப் புத்தகத்தில் உள்ள ஒடுவன் கேஸ்களை ஒழுங்காக எழுதி எங்காவது வெளியிடு. சோம்பேறித்தனம் பண்ணாதே.

ஒரு உதவி. தை மாதம் அம்மா இங்கே வருகிறாள். மாத்திரைகளையெல்லாம் அட்டையிலிருந்து பிதுக்கி ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறாள். நான் சொன்னால் கேட்கமாட்டாள், நீ சொன்னால் கேட்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், எல்லாவற்றையும் அட்டையோடு புதிதாக வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்தப் பாட்டிலை நீயே எடுத்துக்கொண்டு போய்விடு.

அன்புடன்,
சுமதி