பாட்டிக்கும் கொள்ளுப்பேரனுக்கும் ஒரே காய்ச்சல்

ஆரியங்காவு,
ஆவணி 20

அன்புள்ள மாப்ள,

நாலு மாசமாக ஒரு வரி இல்லை என்று நீ திட்டியது சரிதான். எல்லோரும் நலம் என்று இப்போதுதான் எழுத முடிகிறது. ஆடியில் அம்மா கைவிட்டுப் போக இருந்தாள்.

கொல்லத்திலிருந்து மகளும் பேரனும் வந்திருந்தார்கள். நாலு வயசுப் பயலுக்கு மூக்கொழுகல், ரெண்டு நாள் காய்ச்சல். மூணாம் நாள் முற்றத்தில் சைக்கிள் ஓட்டினான். அதே காய்ச்சல் அம்மாவைப் பிடித்தது. அஞ்சாம் நாள் விடியக்காலம், பேசப் பேச மூச்சு முட்டியது. விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் மீட்டர் எண்ணே காட்டவில்லை. விரல் அவ்வளவு சில்லிட்டிருந்தது. என் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து மறுபடி மாட்டினேன். 84.

புனலூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இன்ஃப்ளுயன்சா, அதாவது ஃப்ளூ காய்ச்சல் என்றார்கள். "அம்மச்சி, ஸ்வாசம் வலிக்கூ", அதாவது மூச்சை இழுங்கள் என்று நர்ஸ் சொல்ல, அம்மா மாஸ்க்குக்குள்ளிருந்து, "வலி ஒண்ணும் இல்ல தாயி" என்றாள். அம்பது வருஷமாகியும் மலையாளம் ஏறாத ஆத்மா! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு.

போன வருஷம் அம்மாவுக்கு ஃப்ளூ ஊசி போட்டோம். இந்த வருஷம் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளியது நான். வைரஸ் உருமாறுவதால் ஊசி மருந்தையும் மாற்றுகிறார்கள், போட்டதன் பலமும் சில மாதங்களில் வடிந்துவிடும். தெரிந்தும் தள்ளினேன்.

"ஊசி போட்ட கிழங்களும்தான ஆஸ்பத்திரில கெடக்கு" என்று நீ எழுதியிருந்தாயே, அதை டாக்டரிடம் அப்படியே கேட்டேன். வயசானவர்களிடம் ஊசி கொஞ்சம் குறைவாகத்தான் பிடிக்கும் என்று ஒப்புக்கொண்டார். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி. கிருமியோடு போராடுகிற டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் அங்கேதான் தேறி வரும். நம் வயசில் அது பெரும்பாலும் கொழுப்புதான். அதனால்தான் அமெரிக்காவில் 65 தாண்டியவர்களுக்கு நாலு மடங்கு மருந்துள்ள ஊசியும் உண்டாம்.

பிறகு ஒரு கணக்குப் போட்டார், ஒரு பேச்சுக்கு. ஊசி போடாவிட்டால் 1000 இளவட்டங்களில் 2 பேர் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். ஊசி பாதியாகக் குறைத்தால் தப்புவது 1 ஆள். 1000 கிழவர்களில் 40 பேர் போவார்கள். ஊசி 40 சதவீதமே காத்தாலும் 16 பேர் தப்புவார்கள். மீதி 24 பேர் ஊசி போட்டும் படுத்திருப்பார்கள். நம் கண்ணுக்குப் படுவது அந்த 24 பேர் மட்டும்தான் மாப்ள! வீட்டுத் திண்ணையில் வெற்றிலை போடுகிற 16 பேரை யார் எண்ணுகிறோம்?

பேரப்பிள்ளைகளுக்கும் போடச் சொல்லு. ஜப்பானில் 1962 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி போட்டார்கள். அந்த வருஷங்களில் பெரியவர்கள் சாவு குறைந்தது. 1994-ல் நிறுத்தியதும் திரும்ப ஏறியது என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

2021 மார்ச்சில் 60 தாண்டியவர்களுக்குக் கொரோனா ஊசி என்றதும் விடியுமுன் வரிசையில் நின்ற வீரன் நீ. இப்போது 67, கூடவே சர்க்கரை. ஊசி பிடிக்க ரெண்டு வாரமாகும். சென்னையில் ஐப்பசி மழை வருமுன் போட்டுக்கொள். நான் நேற்றே போட்டுக்கொண்டேன், கை இன்னும் கடுகடு என்கிறது. தங்கச்சியையும் கூட்டிப்போ. போட்டதும் ஒரு வரி எழுது.

அம்மா மூச்சுப் பயிற்சிக்கு உட்கார்ந்துவிட்டாள், போகணும். அந்தக் குழாயில் மூணு உருண்டை. இன்றைக்கு ரெண்டு மேலே ஏறியது.

உன்
மாப்ள